டிராக் பாடியவர் பெயர்

சாகுல் ஹமீது 1998-இல் ஒரு கார் விபத்தில் இறந்தார். பம்பா பாக்யா 2022 செப்டம்பரில் இறந்தார். இருவர் குரலும் ஒன்றாக ஒலிக்கிற புதுப் பாட்டு ஒன்று 2024 தொடக்கத்தில் வெளிவந்தது. 'லால் சலாம்' படத்தின் 'திமிறி எழுடா'. இசை ஏ.ஆர்.ரஹ்மான். செயற்கை நுண்ணறிவை வைத்து இரண்டு பேரின் குரலையும் மறுபடி உருவாக்கியிருந்தார்கள். பேச்சு கிளம்பியதும் ரஹ்மான் சின்னதாக ஒரு குறிப்புப் போட்டார். குடும்பத்தாரிடம் அனுமதி வாங்கியிருக்கிறோம், உரிய பணமும் அனுப்பியிருக்கிறோம், சரியாகப் பயன்படுத்தினால் தொழில்நுட்பம் ஆபத்தும் இல்லை தொல்லையும் இல்லை என்பது அதன் சாரம்.

பலருக்கு அத்தோடு விஷயம் முடிந்துவிட்டது. அனுமதி இருக்கிறது, பணம் போயிருக்கிறது, அப்புறம் என்ன? சொல்லப்போனால், நம் ஊரில் உயிரோடு இருக்கும் பின்னணிப் பாடகர்களுக்கே ஒழுங்காக ராயல்டி போய்ச் சேருவதில்லை. இறந்தவர் வீட்டைத் தேடிப் பணம் போனது நல்ல காரியம்தான். அதில் எனக்கு மாற்றுக் கருத்து இல்லை.

என் கேள்வி வேறு. இந்த மாதிரிப் பாட்டுகளை யார் பாடுகிறார்கள்?

கம்ப்யூட்டர் பாடுகிறது என்றுதான் பெரும்பாலானவர்கள் நினைக்கிறார்கள். வரிகளையும் மெட்டையும் உள்ளே போட்டால் அந்தப் பக்கம் சாகுல் ஹமீது வெளியே வருவார் என்று. முழுக்க இயந்திரமே பாடும் முறைகளும் இப்போது வந்துவிட்டன. ஆனால் குரல் நகல் என்று நாம் கேட்பவற்றில் கணிசமானவை வேறு வழியில் செய்யப்படுபவை. முதலில் உயிருள்ள ஒருவர் ஸ்டூடியோவுக்கு வந்து பாட்டை முழுசாகப் பாடுகிறார். எங்கே மூச்சு எடுக்க வேண்டும், எந்த எழுத்தை அழுத்த வேண்டும், எந்தச் சங்கதியை எப்படி இறக்க வேண்டும் எல்லாம் அவர் செய்வது. பிறகு மென்பொருள் அந்தப் பதிவின் குரல் நிறத்தை மட்டும் உரித்துவிட்டு, இறந்தவரின் குரல் நிறத்தை அதன்மேல் ஏற்றுகிறது. அந்த நிறத்தைக் கற்றுக்கொள்ளப் பழைய பாடல்களிலிருந்து வாத்தியங்களை விலக்கிக் குரலை மட்டும் பிரித்தெடுக்கிறார்கள். இதற்கான இலவச மென்பொருள்கள் 2023-லேயே கல்லூரிப் பையன்கள் கைக்கு வந்துவிட்டன. பத்து நிமிடச் சுத்தமான குரல் பதிவு இருந்தாலே ஓரளவு ஒப்பேற்றிவிடலாம். யூடியூபில் பிரதமர் மோடி தமிழ்ப் பாட்டுப் பாடியது எல்லாம் அந்த வகைதான்.

ஆக, நாம் கேட்பது இரண்டு பேரை. ஒருவருடைய குரல், இன்னொருவருடைய பாட்டு. முதல் ஆள் பெயர் போஸ்டரில் இருக்கும். இரண்டாவது ஆளை ஊர் முழுக்கத் தேடினாலும் கண்டுபிடிக்க முடியாது.

சாகுல் ஹமீது பாடிய 'ராசாத்தி என் உசுரு' பாட்டில் வாத்தியமே கிடையாது. முழுக்க மனிதக் குரல்கள். 1993-இல் அது வந்தபோது இப்படி ஒரு குரலைச் சினிமாவில் எப்படி விட்டார்கள் என்று வீட்டில் பெரியவர்கள் ஆச்சரியப்பட்டார்கள். மெருகு போடாத குரல். 'உசிலம்பட்டி பெண்குட்டி'யிலும் 'ஊர்வசி ஊர்வசி'யிலும் அதே மனிதர் வேறு மாதிரி விளையாடியிருப்பார். புதுப் பாட்டைக் கேட்டபோது அந்தக் குரல் நிறம் அப்படியே இருந்தது, மறுக்கவில்லை. கேட்ட மாத்திரத்தில் அடையாளம் தெரிந்தது. ஆனால் சொற்களைக் கடித்துத் துப்புகிற அந்தப் பழக்கம் இல்லை. பழைய பாடகரின் குரல் வேறு யாரோ ஒருவருடைய இசையறிவின்படி நடந்துகொண்டிருப்பதாக எனக்குப் பட்டது. செய்முறையைப் படித்த பிறகு கேட்டதால் வந்த பிரமையாகவும் இருக்கலாம், போகட்டும்.

ஒருவர் குரலை இன்னொருவர் சுமப்பது நமக்குப் புதிதே இல்லை. வாயசைப்பவர் ஒருவர், பாடுபவர் ஒருவர் என்ற ஏற்பாட்டைத் தமிழ் ரசிகர்கள் மூன்று தலைமுறையாக எந்த உறுத்தலும் இல்லாமல் ஏற்றுக்கொண்டிருக்கிறார்கள். எம்.ஜி.ஆருக்கும் டி.எம்.எஸ்., சிவாஜிக்கும் டி.எம்.எஸ். இருவருக்கும் குரலை மாற்றிப் பாடினார் என்று டீக்கடையில் ரசித்துப் பேசியவர்கள் நாம். கண்ணை மூடிக் கேட்டாலே இது யார் படப் பாட்டு என்று சொல்லிவிடுவார்கள்.

மேடையில் இன்னும் வேடிக்கை. என் சித்தப்பா மதுரைப் பக்கம் ஒரு ஆர்கெஸ்ட்ராவில் 'டி.எம்.எஸ். குரல்' பாடியவர். அவருக்கு ஒரு வேலை இருந்தது, மில்லில். ஆனால் சித்திரை, வைகாசியில் கோயில் திருவிழாக்கள் வந்துவிட்டால் ராத்திரி முழுக்க மேடைதான். டி.எம்.எஸ். உயிரோடு இருந்த காலத்திலேயே அவர் குரலில் பாடினார், 2013-இல் டி.எம்.எஸ். மறைந்த பிறகும் பாடினார். நோட்டீசில் டி.எம்.எஸ். பெயர் இருக்காது, சித்தப்பா பெயர்தான் இருக்கும், முன்னால் ஒரு பட்டத்தோடு. ஒவ்வொரு குழுவிலும் ஒரு எஸ்.பி.பி. குரல், ஒரு மலேசியா வாசுதேவன் குரல், ஒரு ஜானகி குரல் கட்டாயம் உண்டு. போலச் செய்வதுதான் தொழில் என்றாலும் அதில் யாரும் யாரையும் ஏமாற்றவில்லை. வேர்வையோடு நின்று பாடுகிறவரை எதிரே பார்த்துக்கொண்டுதான் ஜனங்கள் விசில் அடித்தார்கள். பாட்டு நன்றாக அமைந்தால் யாராவது மேடையேறி அவர் சட்டையில் ஐம்பது ரூபாய் நோட்டைக் குத்திவிட்டுப் போவார்கள். அந்த நோட்டு டி.எம்.எஸ். வீட்டுக்குப் போகவில்லை. போயிருக்க வேண்டும் என்று வாதாடலாம், ஆனால் பாடிய தொண்டைக்கு அது கிடைத்தது.

தேர்தல் பிரசாரத்தில் எம்.ஜி.ஆர். வேடம் போட்டு வருகிறவர்களையும் இதில்தான் சேர்க்கிறேன். தொப்பி, கறுப்புக் கண்ணாடி, வேன் மேலே நின்று இரண்டு விரல். எம்.ஜி.ஆர். இறந்து பல தேர்தல்கள் ஆகியும் அவர் ஊர் ஊராக வந்துகொண்டுதான் இருந்தார். கைகொடுக்கப் போன பாட்டிக்கும் அது அவர் இல்லை என்று தெரியும். அந்த ஆளுக்கு அன்றைக்குப் பேட்டா உண்டு, பிரியாணி உண்டு.

2024 ஜனவரியில் டி.ஆர்.பாலுவின் தன்வரலாற்று நூல் வெளியீட்டில் பெரிய திரையில் கலைஞர் தோன்றிப் பேசினார். அவர் மறைந்தது 2018 ஆகஸ்டில். அந்தக் கரகரத்த குரல், தோளில் மஞ்சள் துண்டு. நண்பரை வாழ்த்தியதோடு, மகன் ஸ்டாலினின் தலைமையையும் பாராட்டினார். அடுத்த மாதமே, ஜெயலலிதாவின் பிறந்த நாளான பிப்ரவரி 24 அன்று, அ.தி.மு.க. அவர் குரலில் ஓர் ஒலிப்பதிவை வெளியிட்டது. அது கட்சியின் இன்றைய தலைமைக்குத் துணை நிற்கும்படி தொண்டர்களைக் கேட்டுக்கொண்டது. எந்தக் கட்சி செய்தது என்பது எனக்கு முக்கியமில்லை, இரண்டும் செய்தன. நம் ஊரில் கலைஞர் குரலில் பேசத் தெரியாத மிமிக்ரி கலைஞரே கிடையாது. "என் உயிரினும் மேலான" என்று ஆரம்பித்தாலே கூட்டம் கைதட்டும். ஆனால் மிமிக்ரிக்காரர் கலைஞர் குரலில் ஸ்டாலினைப் பாராட்டினால் அது அவர் எழுதிய வசனம் என்று எல்லோருக்கும் புரியும். திரையில் வந்த பேச்சை யார் எழுதினார்கள்? வாழ்நாள் முழுக்கத் தன் வசனத்தைத் தானே எழுதிய ஒரு மனிதருக்கு, இறந்த பிறகு யாரோ எழுதிக் கொடுக்கிறார்கள். எழுதியவர் பெயர் எங்கேயும் இல்லை. அந்த ஆண்டு மே மாதம் தேர்தல் ஆணையம், போலி வீடியோக்கள் கவனத்துக்கு வந்த மூன்று மணி நேரத்துக்குள் அகற்ற வேண்டும் என்று கட்சிகளுக்குச் சொன்னது. சரி, அது போலிகளுக்கு. கட்சியே விரும்பி, தன் தலைவரை வைத்து, வெளிப்படையாகச் செய்தால் அதைப் போலி என்பதா?

சினிமாவுக்கே திரும்புகிறேன், எனக்குக் கொஞ்சமாவது தெரிந்த இடம் அது.

1977-இல் '16 வயதினிலே' படத்தின் 'ஆட்டுக்குட்டி முட்டையிட்டு' பாட்டை எஸ்.பி.பாலசுப்ரமணியம் பாடுவதாக இருந்தது. அவருக்குத் தொண்டை சரியில்லாமல் போனது. இளையராஜா அந்த வாய்ப்பை மலேசியா வாசுதேவனுக்குக் கொடுத்தார். அதற்கு முன்பும் அவர் பாடியிருந்தார் என்றாலும், தமிழ்நாடு அவரைத் தனிக் குரலாகக் கண்டுகொண்டது அங்கேதான். பிறகு நடந்தது நமக்குத் தெரியும். 'கோடை காலக் காற்றே', 'பூங்காற்று திரும்புமா' எல்லாம் அந்த ஒரு நாள் தொண்டைக்கட்டிலிருந்து வந்தவை என்று சொன்னால் கொஞ்சம் மிகைதான், ரொம்ப மிகை இல்லை.

அதே நிலைமை இன்று வந்தால் என்ன நடக்கும்? பெரிய பாடகருக்கு உடம்பு சரியில்லை, தேதி நெருங்குகிறது. புதுப் பையனைக் கூப்பிட்டுப் பாடவைத்து, அதன்மேல் பெரிய பாடகரின் குரலை ஏற்றிவிடுவார்கள். பெரிய பாடகர் வீட்டில் படுத்துக்கொண்டே சம்மதம் சொல்லலாம். தயாரிப்பாளருக்குத் தெரிந்த பெயர் கிடைக்கும், ரசிகருக்குத் தெரிந்த குரல் கிடைக்கும். எல்லாரும் சந்தோஷம். மலேசியா வாசுதேவன் மட்டும் கிடைக்கமாட்டார். அவர் கிடைக்கவில்லை என்பதுகூட யாருக்கும் தெரியாது. கேட்டே இராத குரலை இழந்துவிட்டோம் என்று யார் வருத்தப்படுவார்கள்?

டிராக் பாடுவது என்பது தமிழ்த் திரையிசையில் ஒரு வாசல். மெட்டமைத்ததும் யாராவது ஒருவரை வைத்து ஒரு மாதிரிப் பதிவு செய்வார்கள். பெரிய பாடகர் வந்து அதைக் கேட்டுப் பாடுவார், டிராக் அழிக்கப்படும். சில நாள் அழிக்காமல் விட்டுவிடுவார்கள். டிராக்கே நன்றாக இருக்கிறது, இதையே வைத்துக்கொள்ளலாம் என்று இசையமைப்பாளர் சொல்லும் அந்த ஒரு வாக்கியத்துக்காகத்தான் வடபழனியிலும் சாலிகிராமத்திலும் வாடகை வீடு எடுத்துப் பல பேர் காத்திருக்கிறார்கள். டிராக்குக்குக் கிடைக்கும் பணம் ஆட்டோவுக்கும் சாப்பாட்டுக்கும் சரியாகப் போய்விடும். யாரும் பணத்துக்காக டிராக் பாடுவதில்லை.

சித்தப்பாவின் மகள் அப்படித்தான் பாடிக்கொண்டிருக்கிறாள். கர்னாடக சங்கீதம் முறையாகக் கற்றவள், அப்பாவின் மேடை வழக்கமும் கொஞ்சம் ஒட்டியிருக்கிறது. சமீபகாலமாகத் தனக்கு வரும் டிராக் வேலையே மாறிவிட்டது என்கிறாள். முன்பு, "உன் இஷ்டத்துக்குப் பாடும்மா, மேடம் வந்து மாத்திப்பாங்க" என்பார்களாம். இப்போது, "குரல்ல எதுவும் பண்ணாதே, நிறம் வேண்டாம், பிளெய்னா பாடு, நாங்க மேலே போட்டுக்கறோம்" என்கிறார்களாம். தனித்தன்மை எதுவும் இல்லாமல் பாடுவதற்குத்தான் இப்போது மதிப்பு. தனித்தன்மை இருந்தால் மென்பொருளுக்கு இடைஞ்சல். "அண்ணா, பதினஞ்சு வருஷம் சாதகம் பண்ணது குரலுக்கு ஒரு அடையாளம் வரணும்னுதான், இப்ப அதைத்தான் மறைக்கச் சொல்றாங்க" என்றாள். சிரித்துக்கொண்டுதான் சொன்னாள்.

பவதாரிணி விஷயத்தில் மட்டும் என்னால் இப்படிப் பேச முடியவில்லை. 2024 ஜனவரி 25 அன்று அவர் இலங்கையில் சிகிச்சையில் இருந்தபோது இறந்தார், 47 வயது. 'பாரதி' படத்தின் 'மயில் போல பொண்ணு ஒண்ணு' பாட்டுக்குத் தேசிய விருது வாங்கியவர். அந்த ஆண்டு ஜூனில் 'தி கோட்' படத்தின் 'சின்னச் சின்னக் கண்கள்' பாட்டு அவர் குரலில் வந்தது, உடன் பாடியவர் விஜய். யுவன் சங்கர் ராஜா எழுதிய குறிப்பில், பெங்களூரில் இந்தப் பாட்டை அமைத்தபோதே இது அக்காவுக்கான பாட்டு என்று தோன்றியதாகவும், குணமாகி வந்ததும் பதிவு செய்யலாம் என்று நினைத்ததாகவும், ஒரு மணி நேரத்தில் இறப்புச் செய்தி வந்ததாகவும் சொல்லியிருந்தார். தம்பி தன் அக்காவின் குரலை ஒருமுறை கேட்க ஆசைப்பட்டார். இதில் நியாயம் பேச நான் யார். அதே படத்தில் விஜயகாந்தும் தோன்றினார், குடும்பத்தின் சம்மதத்தோடு. இதற்கிடையில், அனுமதி இல்லாமல் கேப்டனை யாரும் ஏ.ஐ. மூலம் பயன்படுத்தக்கூடாது என்று அவர் மனைவி பிரேமலதா அறிக்கை விட வேண்டியிருந்தது. ஒரு வீட்டின் துக்கத்துக்காகத் திறந்த கதவு வழியே யார் யாரோ உள்ளே வரத்தானே செய்வார்கள். எஸ்.பி.பி. குரலைத் தெலுங்குப் படம் ஒன்றில் குடும்பத்தைக் கேட்காமலே உருவாக்கிவிட்டார்கள் என்று மகன் எஸ்.பி.சரண் வக்கீல் நோட்டீஸ் அனுப்பியதும் இதே காலத்தில்தான்.

சட்டம் என்ன சொல்கிறது என்று பார்த்தால், நம் நாட்டில் இறந்தவர் பக்கம் அநேகமாக ஒன்றுமில்லை. ஜெயலலிதா வாழ்க்கைப் படத்தை எதிர்த்து அவர் அண்ணன் மகள் தீபா தொடுத்த வழக்கில், ஒருவர் வாழ்நாளில் சம்பாதித்த நற்பெயரும் அந்தரங்க உரிமையும் அவர் இறப்போடு முடிந்துவிடுகின்றன, அவை சொத்துப் போல வாரிசுக்குப் போகாது என்று சென்னை உயர் நீதிமன்றம் 2021-இல் சொன்னது. அப்படியானால் குடும்பத்திடம் ரஹ்மான் அனுமதி கேட்டது சட்டத்துக்காக என்பதைவிட மரியாதைக்காக என்றுதான் எடுத்துக்கொள்ள வேண்டும். பதிப்புரிமைச் சட்டம் பாடகரின் பதிவுக்கு ஐம்பது ஆண்டுப் பாதுகாப்பு தருகிறது. ஆனால் அது பாடிய பாட்டுக்கு. பாடாத பாட்டைப் பற்றி அந்தச் சட்டத்தை எழுதியவர்கள் எப்படி யோசித்திருக்க முடியும்? உயிரோடு இருப்பவர்கள் நிலைமை தேவலாம். அரிஜித் சிங் வழக்கில் 2024 ஜூலையில் மும்பை உயர் நீதிமன்றம் அவர் குரலை அனுமதியின்றி நகலெடுப்பதற்கு இடைக்காலத் தடை போட்டது. அமெரிக்காவில் டென்னசி மாநிலம் அதே ஆண்டு குரலைப் பாதுகாக்கத் தனிச் சட்டமே கொண்டுவந்தது. நாஷ்வில் இசைத் தொழில் அங்கே இருப்பதால் அவர்களுக்கு அவசரம். நமக்குக் கோடம்பாக்கம் இருக்கிறது, அவசரம்தான் இன்னும் வரவில்லை.

கவனித்தால் இந்தச் சட்டங்கள், வழக்குகள், அறிக்கைகள் எல்லாமே பெயர் பெற்றவர்களுக்கானவை. அரிஜித் சிங் நீதிமன்றம் போகலாம். எஸ்.பி.பி.க்குச் சரண் இருக்கிறார். அந்தக் குரலுக்கு அடியில் கிடந்து பாடியவருக்கு என்ன உரிமை என்று எந்தத் தீர்ப்பிலும் நான் படிக்கவில்லை. குறைந்தபட்சம் பாட்டின் விவரத்தில் குரல் இன்னார், பாடியவர் இன்னார் என்று இரண்டு வரி போடலாம். நகல் குரலுக்கு எவ்வளவு கொடுத்தார்களோ அதில் ஒரு பங்கு பாடியவருக்கும் போகலாம். பின்னணிப் பாடல் வந்த தொடக்கக் காலத்திலும் பாடுபவர் பெயரைப் போட வேண்டும் என்று யாருக்கும் தோன்றவில்லை, நடிகையே பாடுகிறார் என்று ஜனங்கள் நம்பிக்கொண்டிருந்தார்கள். பெயர் வெளியே வரச் சில ஆண்டுகள் பிடித்தன. இப்போது அதே இடத்துக்கு வேறு வாசல் வழியாகத் திரும்பி வந்திருக்கிறோம்.

வீட்டில் இதைப் பேசினால் பேச்சு வேறு பக்கம் போய்விடுகிறது. பிள்ளையின் குரலில் போன் போட்டுப் பணம் கேட்கிறார்களாமே என்றுதான் எல்லாரும் பயப்படுகிறார்கள். அந்தப் பயம் நியாயமானது, சைபர் குற்றப் பிரிவு போலீசாரும் எச்சரித்திருக்கிறார்கள், 1930 என்ற எண்ணைக் குறித்து வைத்துக்கொள்வது நல்லது. ஆனால் அது திருட்டு, திருட்டு என்று எல்லாருக்கும் தெரிகிறது. நான் சொல்வது திருட்டுக் கணக்கில் வராதது. எல்லாரும் கையெழுத்துப் போட்டு, எல்லாரும் கைதட்டி நடக்கிறது.

சித்தப்பாவுக்கு இப்போது எழுபது தாண்டிவிட்டது. 'திமிறி எழுடா'வைப் போட்டுக் காட்டி விஷயத்தைச் சொன்னேன். கடைசிவரை கேட்டுவிட்டு, "நல்லாத்தான் பாடியிருக்கான். யாருடா பையன்?" என்றார்.

போன மாதம் அவர் மகளுக்கு ஒரு ஒப்பந்தத் தாள் வந்தது. டிராக்குக்கெல்லாம் தாள் கொடுப்பதே புதுசு. நான்கு பக்கம், ஆங்கிலத்தில். மூன்றாம் பக்கத்தில் ஒரு வரி: இந்தப் பதிவில் உள்ள குரலை, இப்போது இருக்கிற, இனிமேல் கண்டுபிடிக்கப்படுகிற எந்தத் தொழில்நுட்பத்திலும், எந்த நோக்கத்துக்காகவும் நிறுவனம் பயன்படுத்திக்கொள்ளலாம். எனக்குத் தெரிந்த வக்கீலிடம் காட்டினேன். அந்த வரியை அடிக்கச் சொல் என்றார். அவள் மேனேஜரிடம் கேட்டிருக்கிறாள். "அடிச்சா நான் மேலே கேக்கணும்மா. நாளைக்குக் காலையில ரெக்கார்டிங். உனக்கு வேண்டாம்னா சொல்லு, வேற பொண்ணு ரெடியா இருக்கு" என்றாராம்.

என்ன செய்தாய் என்று கேட்டேன். "கையெழுத்துப் போட்டுட்டேன்ணா. ஆனா ஐநூறு ரூபா கூட்டிக் கேட்டேன், குடுத்துட்டாங்க" என்றாள்.